காவல் எலிகளின் ஒழுக்கம்

எங்கள் எலிக்கூடத்தின் வாசலில் ஒரு பித்தளைப் பலகை இருக்கிறது. 'நோய்க்கிருமி அற்ற வளாகம்' என்று அதில் பொறித்திருக்கிறார்கள். அந்தப் பலகையைத் தினமும் இரண்டு பேர் துடைக்கிறார்கள். எலிக்கூண்டுகளைக் கழுவ ஒரே ஒருவர். சேர்ந்த அன்றைக்கே இதைப் பார்த்துவிட்டு நான் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். எங்கே, நம் மரமண்டைக்கு அதெல்லாம் உறைத்தால்தானே!

நான் கால்நடை மருத்துவர். மாட்டுக்கும் நாய்க்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவள், இந்த ஆராய்ச்சி நிலையத்தில் எலிகளுக்கு மருத்துவராகச் சேர்ந்தேன். அன்றிலிருந்து என் மாமியார் என் வேலையைப் பற்றி அக்கம்பக்கத்தில் பேசுவதை நிறுத்திவிட்டார். யாராவது கேட்டால், "அவ ஆபீஸ் போயிருக்கா" என்று சொல்லி அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுகிறார்.

கூடத்துக்குள் நுழைய வேண்டுமானால் முதலில் தலைக்குக் குளிக்க வேண்டும். பிறகு நீராவியில் அவித்த உடுப்பு, முகமூடி, கையுறை, தலையுறை. நம்மிடமிருந்து எலிக்குக் கிருமி தொற்றிவிடக் கூடாது என்பதற்காக. நல்ல விதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இயக்குநர் மட்டும் கோட்டும் டையுமாக அப்படியே உள்ளே போவார். ஏன் என்று தர அதிகாரியிடம் கேட்டேன்.

"பதவியிலயே ஒரு சுத்தம் இருக்கு டாக்டர்" என்றார் அவர். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. கூடத்தில் அவருக்குச் சுத்தம் என்றே பெயர். அவர் காதுபடவே கூப்பிடுவார்கள். பட்டம் என்று நினைத்துச் சந்தோஷப்படுவார்.

நான்காம் அறையில் ஒருத்தி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சிறுநீரக ஆராய்ச்சி என்பதால் அவளுக்குக் கிட்னி என்று பெயர். அவளுடைய தம்பிக்குப் பரம்பரையாக வரும் ஒரு சிறுநீரக நோய். வாரத்தில் பாதி நாள் இயந்திரத்தோடு படுத்திருக்கிறான். அதே பழுதோடு பிறக்கிற கறுப்பு எலி வம்சம் ஒன்றை இவள் பல வருடம் பாடுபட்டு உருவாக்கியிருந்தாள். உலகத்தில் அந்த வம்சம் எங்கள் நான்காம் அறையில் மட்டும்தான் இருந்தது. அந்த எலிகளில் ஒரு மருந்து வேலை செய்யத் தொடங்கியிருந்தது.

ஒருநாள் காலையில் அவள் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, என் எலிங்க தும்முதுங்க."

"எத்தனை?"

"எதை எண்றது? அறை முழுக்க கொய்ங்குனு சத்தம். ரெண்டு எலி கழுத்தைச் சாய்ச்சிட்டு வட்டம் போடுது. நீ வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். ரோமம் சிலிர்த்து, முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணில் பீளையோடு உட்கார்ந்திருந்தன. கழுத்து சாய்ந்தால் காதுக்குள் சீழ் என்று அர்த்தம். எலியைக் காதருகே வைத்துக் கேட்டால் மூச்சு டிக் டிக் என்றது. இது பரவினால் கூடமே காலி.

நேராகச் சுத்தத்திடம் போனேன்.

"நாலாம் அறையில தொத்து நோய் சார்."

"இருக்க முடியாது."

"நான் இப்பதான் பார்த்துட்டு வரேன்."

"நீங்க பார்த்தது இருக்கலாம் டாக்டர். நோய் இருக்க முடியாது. குளிக்காம ஒருத்தர் உள்ள போக முடியாதுன்னு விதி இருக்கு. கிருமி குளிச்சுதா? இல்ல. அப்ப எப்படி உள்ள போயிருக்கும்?"

இப்படி ஒரு கேள்விக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பதில் சொல்லித் தரவில்லை.

"சரி சார், காவல் எலிங்க என்ன சொல்லுது? போன காலாண்டு ரிசல்ட் என்ன?"

அவர் முகம் மலர்ந்தது. "பரம சுத்தம்! வாங்க, காட்டறேன்."

காவல் எலி என்பது இந்தத் தொழிலில் உள்ள ஒரு பழைய ஏற்பாடு. எல்லாக் கூண்டுகளிலிருந்தும் அழுக்கு மரத்தூளைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி, காவல் எலியின் கூண்டில் போட வேண்டும். அறையில் எந்த நோய் ஓடினாலும் அந்த அழுக்கின் வழியாக அதற்கும் வந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை மட்டும் சோதித்தால் போதும், அறை முழுவதன் நிலவரமும் தெரிந்துவிடும். பாவப்பட்ட பிறவி. ஊர் நோயையெல்லாம் வாங்கிக்கொள்வதுதான் அதன் உத்தியோகம்.

சுத்தம் என்னை அழைத்துப் போனது இயக்குநரின் விருந்தினர் அறைக்கு. அங்கே, தரைவிரிப்புக்கும் சோபாவுக்கும் நடுவில், ஒரு கண்ணாடி மாளிகை. அதற்கென்று தனிக் குளிர்சாதனம், வடிகட்டிய காற்று, ஓடி விளையாடச் சக்கரம், உள்ளே சின்னச் சின்ன மரவீடு. புத்தம் புது மரத்தூளில் வெள்ளை வெளேரென்று காவல் எலிகள் கொழுகொழுவென உட்கார்ந்திருந்தன. ஒன்று என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

"இதுங்க எலி அறையிலதானே இருக்கணும்?" என்றேன்.

"இருந்துச்சு. பாவம், அடிக்கடி நோய்ல விழுந்துட்டே இருந்துச்சு. ஒவ்வொரு காலாண்டும் ரிசல்ட் மோசம். நான் உக்காந்து ஆராய்ச்சி பண்ணேன். காரணம் என்னன்னு நினைக்கிறீங்க? அந்த அழுக்குத் தூள்! அதை நிறுத்தினோம். இங்க கொண்டாந்து வச்சோம். அன்னிலேருந்து ஒரு நோய் கிடையாது. பலகையே அதுக்கப்புறம்தான் வாங்கினோம்."

எனக்குத் தலையை எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. சோபாவில் முட்டினால் வலிக்காது.

"சார், தயவுபண்ணி நாலாம் அறை தூளை ஒரு பிடி இதுங்க கூண்டுல போட விடுங்க."

அவர் நெஞ்சில் கை வைத்தார். "காவலாளி மேல குப்பையைக் கொட்டச் சொல்றீங்களா? நீங்க டாக்டரா இல்ல வேற யாராவதா?"

சரி, உங்கள் காவல் உங்களோடு இருக்கட்டும் என்று நான் என் வேலையைப் பார்க்கப் போனேன். செத்துப்போன எலி ஒன்றின் மூச்சுக்குழாயிலிருந்து சளியைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து, கிருமி வளர்க்கிற ரத்தம் கலந்த தட்டில் தீற்றி, உடல்சூட்டில் வைத்தேன். இரண்டு நாளில் சாம்பல் நிறத்தில் பொட்டுப் பொட்டாகக் கிளம்பியது. சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் குட்டை குட்டையாக இளஞ்சிவப்புக் குச்சிகள். சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டால் ஊதாவாக மாறுகிறதா, மாறியது. யூரியாக் குழாய் ரோஸ் நிறமாகிறதா, ஆனது. எந்த மருந்துக்குச் சாகும், எதற்குச் சிரிக்கும் என்பதையும் பார்த்தேன். கடைசியில் மரபணுவையும் படித்து ஒப்பிட்டாயிற்று. எலிகளின் நுரையீரலில் குடியிருப்பதற்கென்றே பிறந்த கிருமி. அதன் லத்தீன் பெயர் ரயில் நீளத்துக்கு இருந்தது.

மறுநாள் அவசரக் கூட்டம். டீ, பிஸ்கட், இயக்குநர், சுத்தம், நான், கிட்னி. நான் தட்டுகளையும் படங்களையும் மேஜையில் பரப்பினேன். இயக்குநர் தட்டை எட்டியிருந்தே பார்த்தார். அறுபதைத் தொடுகிற வயது, ஆனால் தலைமுடி மட்டும் காக்கைக் கறுப்பு. டை கட்டுவதைவிட டை அடிப்பதில் அவருக்கு அக்கறை அதிகம்.

"இது புதுக் கிருமியா?" என்றார். குரலில் ஓர் ஆர்வம். "புதுசுன்னா பேர் வைக்கலாமே. நிலையத்துத் தலைவர் பேரையே வைக்கிற வழக்கம் சில இடத்துல இருக்குன்னு கேள்வி."

"பழசு சார். எல்லா ஊர்லயும் இருக்கிறதுதான்."

அவருடைய ஆர்வம் அப்படியே இறங்கிவிட்டது. பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

"அப்ப இதை வச்சுக்கிட்டு நமக்கு என்ன பெருமை? எல்லா ஊர்லயும் இருக்கிற கிருமி நம்ம நிலையத்துலயும் இருக்குன்னா, நாம எல்லா ஊர் மாதிரி ஆயிடுவோமே!"

"பேர் வைக்காம இருந்திருக்கலாம்" என்றார் சுத்தம் வருத்தத்தோடு. "பேர் வச்சாதான் அது உரிமையோட வந்து உக்காந்துக்கும். இத்தனை நாள் பேர் இல்லாம அது பாட்டுக்கு ஒழுங்கா இருந்துச்சு."

கிட்னிக்குப் பொறுக்கவில்லை. "சார், இப்பவே பிரிச்சு வச்சு மருந்து குடுத்தா கொஞ்சமாவது காப்பாத்தலாம். அப்புறம் சுத்தமான தாய் எலிங்க கிடைச்சா கருவை மாத்தி வம்சத்தையே மீட்டுடலாம். அனுமதி குடுங்க சார்."

இயக்குநர் எழுந்து நின்றார். அவர் எழுந்தால் உரை.

"அம்மா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா யோசிங்க. மருந்து குடுத்தா நோய் இருக்குன்னு ஆகும். நோய் இருக்குன்னு ஆனா பலகை பொய்னு ஆகும். பலகை பொய்னா அதைத் திறந்து வச்ச நான் யாரு? ஒரு நிலையம் எலியால நிக்கல, நம்பிக்கையால நிக்குது. இங்க நோய் கிடையாது. இல்லாத நோய்க்கு மருந்து குடுக்கறது மருத்துவ நெறிக்கே விரோதம். அடுத்த மாசம் வெளிக்குழு ஆய்வுக்கு வருது. அதுக்குள்ள நாலாம் அறையைக் காலி பண்ணிடுங்க. எல்லாத்தையும்."

"எல்லாத்தையும்னா?" என்றாள் கிட்னி.

"கருணையோட" என்றார் இயக்குநர்.

அவள் வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் என்ன ஆறுதல் சொல்ல? என் கண்ணும்தான் கலங்கியது. அந்த மனிதர்மேல் வந்த கோபத்தில் கையிலிருந்த டீக் கோப்பையை எங்காவது விட்டெறியலாம் போலிருந்தது.

"சுத்தமான தாய் எலிக்கு எங்கக்கா போறது?" என்றாள் மூக்கை உறிஞ்சியபடி. "வெளியிலிருந்து வாங்கணும்னா அவர் கையெழுத்து வேணும். உள்ள இருக்கிற எல்லா அறைக்கும் இந்நேரம் தொத்தியிருக்கும்."

அவள் கேட்டு முடிப்பதற்குள் எனக்குப் பொறி தட்டிவிட்டது. இந்த வளாகத்திலேயே உண்மையாகக் கிருமி இல்லாத எலிகள் எங்கே இருக்கின்றன? தனிக் குளிர்சாதனத்தில், வடிகட்டிய காற்றில், சக்கரத்தில் ஓடிக்கொண்டு!

"அழாதே. நமக்குப் பெரிய இடத்துச் சம்பந்தம் கிடைச்சிருக்கு" என்றேன்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. பெண் எலியின் உடம்பு தயாராக இல்லாமல் கருவை உள்ளே வைத்தால் தங்காது. அதற்கு, குடும்பக் கட்டுப்பாடு செய்த ஆண் எலியோடு அதை விட வேண்டும். கூடிய பிறகு பெண்ணின் உடம்பு, கரு உண்டாகிவிட்டதென்று நம்பித் தயாராகிவிடும். அந்த நேரம் பார்த்து வேறொரு எலியின் கருவை வைத்தால், தன் பிள்ளையாகவே சுமந்து பெற்றுத் தரும். கரு ஒரு மெல்லிய உறைக்குள் இருப்பதால் நன்றாகக் கழுவிவிட்டால் தாயின் கிருமி கூடவே வராது.

காவல் எலிகளில் ஆணும் உண்டு. கண்ணாடித் தடுப்பின் அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்து பெண்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நான் இயக்குநரைப் பார்க்கப் போனேன்.

"சார், உங்க எலிங்களைப் பத்தி ஒரு யோசனை. ஆணும் பெண்ணும் பிரிஞ்சிருக்கிறதால மன அழுத்தம் தெரியுது. வெளிக்குழு கண்ல பட்டா நல்லா இருக்காது. ஆண்களுக்கு ஒரு சின்ன ஆபரேஷன் பண்ணிட்டா, குட்டி போடற பயம் இல்லாம ஒரே வீட்டுல விடலாம்."

அவர் கண்ணாடி மாளிகையைப் பாசத்தோடு பார்த்தார்.

"நல்ல யோசனை. செய்யுங்க. நானே உத்தரவு போடறேன். டாக்டர், காவலுக்கு நிக்கிறவன் ஆசைக்கு அப்பாற்பட்டவனா இருக்கணும். ஒழுக்கம் மேலிருந்து கீழ வரணும். ஆபரேஷன் அன்னிக்கு நான் ரெண்டு வார்த்தை பேசறேன்."

பேசினார். மயக்கத்தில் மல்லாந்து கிடந்த எலிகளுக்கு முன்னால் கால் மணி நேரம் பேசினார். புகைப்படம் எடுத்தார்கள். சுத்தம் கைதட்டினார். அறுவை சிகிச்சை வெற்றி என்று நான் சான்றிதழ் கொடுத்தேன், இயக்குநர் மேலொப்பமிட்டார்.

புண் ஆறியதும் தடுப்பை எடுத்தோம். மன அழுத்தம் உடனே நீங்கியது. காலாண்டுப் பரிசோதனை என்று சொல்லி, இயக்குநரிடம் சாவி வாங்கிப் பெண் எலிகளைச் சிகிச்சை அறைக்கு எடுத்துப் போனேன். கிட்னி அவளுடைய எலிகளிலிருந்து கருக்களை எடுத்துத் திரும்பத் திரும்பக் கழுவிக் கொண்டு வந்தாள். ஒரு கருவும் தவறவில்லை. வேலை முடிந்ததும் எலிகளை மாளிகையில் கொண்டுபோய் விட்டேன். அவை ஒன்றும் நடக்காதது போல மரவீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டன.

அதற்கடுத்த வாரம் நான்காம் அறையைக் காலி செய்தோம். என் கையால்தான் செய்தேன். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு மனசில்லை. கிட்னி கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள், உள்ளே வரவில்லை. மறுநாளே அறைக் கதவைக் கழற்றிச் சுவர் எழுப்பி வெள்ளை அடித்துவிட்டார்கள். மூன்றுக்கு அடுத்து ஐந்து. யாராவது கேட்டால் கட்டடம் கட்டினவருக்கு எண்ணத் தெரியாது என்று சொல்லும்படி சுத்தம் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

வெளிக்குழு வந்தது. தலைவி ஓய்வுபெற்ற பேராசிரியை. நரைத்த தலை, தடித்த கண்ணாடி, எதற்கும் அசையாத முகம். இயக்குநர் அவரை எலி அறைகளுக்கு அழைத்துப் போகவே இல்லை. நேராக விருந்தினர் அறை.

"இதுதான் எங்க இதயம்" என்று கண்ணாடி மாளிகையைக் காட்டினார். "காவல் எலிகள். தடுப்பே இல்லாம ஆணும் பெண்ணும் சேர்ந்து இருக்கு. ஆனாலும் அப்பழுக்கில்லாத ஒழுக்கம். இந்த அறைக்குச் சாவி என்கிட்ட மட்டும்தான். வெளி எலி ஒண்ணு உள்ள நுழைய முடியாது. சுருக்கமாச் சொன்னா, என்னைத் தவிர இன்னொரு ஆண் வாடையே இங்க அண்டாது."

சொல்லிக்கொண்டே விரலால் மரவீட்டின் கூரையைத் தூக்கினார்.

உள்ளே குட்டிகள். பிறந்து சில நாளாகியிருக்கும். வெள்ளைத் தாய்களின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, மேலெல்லாம் அட்டைக் கரியாக முடி அரும்பிய கறுப்புக் குட்டிகள். இயக்குநரின் கையிலிருந்து கூரை நழுவியது. அவருக்கு முழி பிதுங்கிவிட்டது.

தலைவி குனிந்து பார்த்தார். நிதானமாகக் குறிப்பெடுத்தார்.

"எப்படி?" என்றார்.

"ஆபரேஷன் சொதப்பிட்டீங்களா டாக்டர்?" என்று சுத்தம் என்மேல் பாய்ந்தார்.

"இயக்குநர் மேலொப்பம் போட்ட சான்றிதழ் இருக்கு சார். ஆபரேஷன் போட்டோவுல அவரும் நிக்கிறார்."

"அந்த ஆணுங்களும் வெள்ளை. வெள்ளைக்கும் வெள்ளைக்கும் கறுப்பு பிறக்காது" என்றார் தலைவி. "அப்ப வெளியிலிருந்து ஒரு எலி வந்திருக்கணும். வந்திருந்தா இது சுத்தமான வளாகம் இல்ல. பலகையை இன்னிக்கே கழட்டிடலாம்."

"வரல! வரவே முடியாது!" என்று இயக்குநர் அலறினார்.

எனக்கு அவரைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"மேடம், இது கருமாற்றம். நாலாம் அறையில நோய் வந்துச்சு. அந்த எலிங்களோட கருவை எடுத்து நான்தான்..."

"நாலாம் அறைன்னு ஒண்ணு இங்க கிடையாது!" இயக்குநர் மேஜையைக் குத்தினார். "நோயும் கிடையாது! டாக்டருக்கு வேலைப் பளு, உளர்றாங்க. எழுதிக்காதீங்க!"

"சரி, எழுதல" என்றார் தலைவி. பேனாவை மூடினார், திறந்தார். "அப்ப நீங்க சொன்னதை மட்டும் வச்சுக்கிறேன். வெளி எலி வரல. உள்ள இருக்கிற ஆண்கள் தகுதி இழந்தவங்க. கரு எங்கிருந்தும் வரல. சாவி உங்ககிட்ட. உங்களைத் தவிர இன்னொரு ஆண் வாடை இந்த அறைக்குள்ள கிடையாது."

அவர் குட்டிகளைப் பார்த்தார். பிறகு இயக்குநரின் காக்கைக் கறுப்புத் தலையைப் பார்த்தார்.

"எங்க விதிப்படி, தகப்பன் யாருன்னு தெரியாத குட்டி இருந்தா வளாகத்தோட தகுதி ரத்து. தகப்பன் உள்ளயே இருந்தா ஆட்சேபணை இல்ல. யாருன்னு நீங்களே சொல்லிடுங்க."

இயக்குநரின் நெற்றியில் வழிந்த வியர்வையோடு கொஞ்சம் சாயமும் இறங்கியது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், நோய் இருந்தது என்று. அவர் ஜன்னல் வழியாக வாசல் பலகையைப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"இந்தக் கூடத்துல பிறக்கிற எந்த ஜீவனுக்கும்," என்றார் கம்மிய குரலில், "நான்தான் தகப்பன். அப்படியே எழுதிக்குங்க."

தலைவி எழுதிக்கொண்டார். குட்டிகளின் ரத்தமும் சோதனைக்குப் போனது. கிருமி என்று சொல்ல ஒன்றும் இல்லை. வளாகத்துக்குச் சுத்தச் சான்றிதழ் நீட்டிக்கப்பட்டது. இயக்குநரின் வாரிசுகள்மேல் கை வைக்க இனி எவனுக்குத் துணிச்சல் வரும்? சுத்தமே தினமும் வந்து அவற்றின் சௌக்கியத்தை விசாரித்துவிட்டுப் போகிறார். ஆராய்ச்சிப் பொறுப்பு கிட்னியிடம் ஒப்படைக்கப்பட்டது, குடும்பத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு.

குட்டிகள் கண் திறந்த அன்று அவள் வராந்தாவுக்கு ஓடி வந்து தம்பிக்கு போன் போட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் பேச்சே வரவில்லை.

"பொழச்சிடுச்சுடா" என்றாள். "எல்லாம் பொழச்சிடுச்சு. மருந்து அடுத்த வாரமே ஆரம்பிக்கலாம்." அவன் என்னவோ கேட்டான் போலிருக்கிறது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அதெல்லாம் நல்ல குடும்பத்துப் பிள்ளைங்கதான். அப்பா யாருன்னு மட்டும் கேக்காத."